திருவிழாவுக்குப் போகாத பெண்

போன மாதம் உன் மகள் மண்டிக்கு வந்தாள். பங்குனி மாதம், புளி வரத்து உச்சத்தில் இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே வழி கேட்டு நின்றவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடி கை ஓடவில்லை. உன் நெற்றி, உன் நடை. பேசுவதற்கு முன் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாயே, அதுகூட அப்படியே இருந்தது. கையிலிருந்த துணிப்பையை என்னிடம் நீட்டினாள்.

பைக்குள் என் பழைய கொக்கித் தராசு இருந்தது. கூடவே, குழந்தையைப் போட்டு நிறுக்க என் பச்சைப் புடவையைக் கிழித்து நீ தைத்த தூளி. ஒரு காலத்தில் தேனும் கடுக்காயும் மணத்த தராசு அது. இப்போது டெட்டால் வாசமும் குழந்தைப் பவுடர் வாசமும்தான் வந்தது.

"அம்மா எதாவது சொன்னாங்களாம்மா?"

"இல்லீங்க அத்த. இது உங்களுது, குடுத்துடுன்னு மட்டும்தான் சொன்னாங்க."

அவள் போன பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. உன்னிடமிருந்து நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். அதைக் கொடுக்காமலே போய்விட்டாய்.

அந்தத் தராசை நீ வாங்கிப்போனது நினைவிருக்கிறதா? அப்போது நான் மண்டிக்காரி இல்லை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்து, அப்பா அம்மா போன பிறகு, மலைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துப் புளியும் சாமையும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தவள். என் தங்கை செல்வி பள்ளிக்கூடம் போகிற வயசு. நீ தியாகதுருகத்திலிருந்து புதிதாக மலைக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். உன் துணை சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் கருவி உடைந்து கிடந்தது. சந்தைக்கு வந்து என் தராசைக் கேட்டாய்.

"புளி நிறுக்கற தராசுல புள்ளைய நிறுக்கப் போறியா?" என்று சிரித்தேன்.

"உன் புளிக்கு இருக்கற மவுசு கூட இங்க புள்ளைக்கு இல்லடி. எம்மாம் கம்மியா பொறக்குதுங்கன்னு நிறுத்தாத்தான தெரியும்?" என்றாய்.

அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் ஆனது. வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும். உன் தோளில்தான் சாய்வேன். செல்விக்கு நான் அம்மா என்றால் நீ இன்னொரு அம்மா. எனக்குப் பின்னல் போட வராது. சந்தை நாட்களில் அவளை உன் முன்னால் உட்கார்த்தி, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி நிதானமாகப் பின்னிவிடுவாய்.

ஒரு முறை மலையில் உள்ளடங்கிய ஊர் ஒன்றில் ஒரு பெண் பிரசவத்தில் செத்துப்போனாள். விசாரிக்க நீ போனாய். சரக்கு பார்க்க அந்தப் பக்கம் வந்த நானும் கூட நடந்தேன். அந்த வீட்டில் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நீ அதில் உட்காராமல் செத்தவளின் மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். நீ கேட்டது மூன்றே கேள்வி. எப்ப நோவு ஆரம்பிச்சுது? யார்கிட்ட சொன்னா? அவங்க இன்னா செஞ்சாங்க? அந்த அம்மாள் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ குறுக்கே ஒரு சொல் பேசவில்லை.

இறங்கும்போது, இவ்வளவுதானா கேள்வி என்று கேட்டேன். "இதுக்கு மேல கேட்டா நாம பதில அவங்க வாயில திணிக்கிறோம்னு அர்த்தம். செத்தவ வந்து சொல்லப் போறதில்ல. அவ வூட்டுக்காரங்க சொல்றதுதான் அவ பேச்சு" என்றாய்.

பேரம் பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். எதிராளி வாயைக் கட்டுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அன்றைக்கு உன்னை அண்ணாந்து பார்த்தேன். இதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு காத்திருப்பு அறை வந்தது. மலைப் பெண்கள் வலி எடுத்த பிறகு கிளம்பினால் பாதி வழியில் ஜீப்பிலேயே பிரசவம் ஆகிவிடுகிறது; அதனால் நாள் நெருங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வந்து தங்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. கட்டிலும் மெத்தையும் வந்தன. பெண்கள்தான் வரவில்லை. வீட்டில் ஆடு மாட்டை யார் பார்ப்பது, புருஷனுக்கு யார் களி கிண்டுவது என்று ஆயிரம் காரணம். நீ என்னிடம் வந்து நின்றாய். மலையில் உன் சொல்லைவிட என் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்றாய். எடையில் ஏமாற்றாத யாவாரி என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை உனக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனேன். நர்ஸம்மா பார்த்துக்குவாங்க, நான் பொறுப்பு என்றேன். வந்தார்கள். அதற்குள் கீழே கடை வைத்திருந்தேன்; அறைக்கு அரிசியும் எண்ணெயும் அங்கிருந்தே போயின.

செல்வி மலையில் என் கொள்முதலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அங்கேயே ஜீப் ஓட்டும் பையனைக் கட்டிக்கொண்டாள். நான் குதித்தேன். நீதான் இடையில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்தினாய். அவளுக்கு நாள் நெருங்கியதும் நானே கூட்டிக்கொண்டுபோய் உன் அறையில் விட்டேன். ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் வீட்டுக்கும் சொல்ல வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் அவள் ஊரில் மாரியம்மன் திருவிழா. அறையிலிருந்த மற்ற பெண்களில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மலையில் அது வழக்கம். கட்டிலை விட்டாலும் விடுவார்கள், அம்மனை விடமாட்டார்கள். செல்வியும் அழுதாள். "பம்பை சத்தம் இங்க வரிக்கும் கேக்குதுக்கா, நான் மட்டும் படுத்துக்கினே கெடக்கணுமா?" என்றாள். நான் விடவில்லை. கூழையும் கொழுக்கட்டையையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தேன். நீ பக்கத்தில் நின்று, "எங்க, ஆத்தாளுக்குப் பங்கு?" என்று அவள் இலையிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்துத் தின்றாய். அவள் அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை என்பதற்கு நீயே சாட்சி.

திருவிழா முடிந்த சில நாளில், பிரசவ வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல். மலைக்கே முன்மாதிரி உங்கள் அறைதான் என்று மேலே சொல்லியிருந்தார்கள். நல்ல அரிசியாகக் கொண்டுவா என்று எனக்குச் சொல்லி அனுப்பினாய். காலையில் வந்து பார்த்தால் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. கட்டிலுக்குக் கட்டில் புதுப்போர்வை, பெண்கள் எல்லோர் தலையிலும் பூ. கழுவிய ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. அதன் முகப்பில் மாலைகூட இருந்தது.

நீ செல்விக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். அவள் முகம் ஊதியிருந்தது. "தல ரொம்ப வலிக்குது, கண்ணு வேற ஒரு மாதிரி மங்குது" என்றாள். உன் கை பின்னலில் நின்றது. பிரஷர் பார்த்தாய். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாய். வந்து மீதிப் பின்னலை முடித்தாய்.

"அவங்க வந்துட்டுப் போவட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றாய்.

தலைவலி, கண் மங்கல், முக வீக்கம். மூன்றில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்று மலையில் வீடு வீடாகச் சொன்னவள் நீ. அதைக் கேட்டுக் கேட்டு, புளி விற்கிற எனக்கே மனப்பாடம். இருந்தாலும் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நின்றேன். உன்னை அப்படித்தான் நம்பினேன்.

குழு தாமதமாகத்தான் வந்தது. வந்தவர்களில் ஓர் அம்மாள், நல்ல மாதிரி, கட்டில் கட்டிலாக நின்று விசாரித்தார். தமிழ் தெரியாது. செல்வியிடம் குனிந்து என்னவோ கேட்டார். உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்று கேட்கிறார் என்று நீயே தமிழில் சொன்னாய். செல்வி அவரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டாய். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. 'குட்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. அந்த அம்மாள் செல்வியின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது செல்விக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினீர்கள். கள்ளக்குறிச்சியில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். செல்வி பிழைக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை நான் பொறுத்திருப்பேன். மேலே இருப்பவன் சொல்லைத் தட்ட முடியாத வேலை உன்னுடையது. பயந்துவிட்டாய், தவறு நடந்துவிட்டது. யாவாரத்தில் நான் பார்க்காத தவறா? ஆனால் அதற்கப்புறம் ஒரு கூட்டம் நடந்ததே.

பிரசவத்தில் தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். அடுத்த சாவைத் தடுக்கத்தான் அந்தக் கூட்டம் என்று எனக்கு விளக்கியவளே நீதான். என்னையும் செல்வியின் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதலில் உன்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாய். தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாய்.

"திருவிழாவுக்கு வூட்டுக்குப் போயிட்டாங்க சார். எவ்ளோ சொல்லியும் கேக்கல. திரும்பி வரும்போதே லேட்டு."

கூடத்தில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. தலைகள் ஆடின. மலைக்காரங்க அப்படித்தான் என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நல்ல பொய்யாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாய். ஈரம் ஏற்றிய புளியை நாலு நல்ல மூட்டைக்கு அடியில் வைத்துத் தள்ளிவிடுவார்கள், அந்த மாதிரி. போகிறவர்கள் நிஜமாகவே இருந்ததால் போகாதவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாய்.

நான் எழுந்து கத்தினேன். தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தில் பேசுகிறீர்கள், உட்காருங்கள் அம்மா என்று அதிகாரி மரியாதையாகவே சொன்னார். செல்வியின் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வுடுக்கா. நாம சொன்னா எடுபடவா போவுது?" என்றார். கொழுக்கட்டை தின்ற உன் வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பொய் உன்னோடு நிற்கவில்லை. காத்திருப்பு அறையிலிருந்து எந்தப் பெண்ணும் திருவிழாவுக்கோ சந்தைக்கோ போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கதவுக்குக் காவல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் உள்ளே வரக் கட்டுப்பாடு. ஜெயிலுக்கு யார் வருவார்கள்? கட்டில்கள் காலியாயின. மறுபடி ஜீப்பில் பிரசவம், வீட்டில் பிரசவம். எடையே தப்பென்றால் விலை எப்படிச் சரியாக வரும்? செத்ததற்குத் தப்பான காரணத்தைச் சொன்னாய், தப்பான இடத்தில் பூட்டுப் போட்டார்கள். குழு வரும் நாளில் நோயாளியைக் கீழே அனுப்பாமல் வைத்திருக்காதே என்று ஒருவரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தெரியாதே.

அப்புறம் ஒரு நாள் நீ மண்டிக்கு வந்தாய். நான் உட்காரச் சொல்லவில்லை. நீயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாய்.

"ரூம் காலியா கெடக்குதுடி. நீ வந்து சொன்னாத்தான் வருவாங்க."

"அந்தக் கூட்டத்துல சொன்னியே, அத அங்கயே போயி மாத்திச் சொல்லு. நான் நாளைக்கே மலை ஏறறேன்."

"சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க. என் எடத்துக்கு எவ வருவா? வந்தாலும் ஊர் ஊரா நடப்பாளா?" என்றாய். பிறகு, "ஒரு பொணத்துக்காவ உசுரோட இருக்கறவங்கள வுட்டுடச் சொல்றியா?" என்றாய்.

ஒரு பொணம். உன் கையால் பின்னல் போட்டுக்கொண்டு வளர்ந்தவளை அப்படிச் சொன்னாய். எழுந்து நின்று மூட்டையை நிறுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டேன். நீ போய்விட்டாய். அறைக்கு அரிசி அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. உன் முகத்தைப் பார்ப்பதைத்தான் நிறுத்தினேன்.

உன் சாவுக்கு வந்திருந்தேன், தெரியுமா? தியாகதுருகத்தில் உன் தெரு கொள்ளவில்லை. மலையிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்தார்கள். நீ பிரசவம் பார்த்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கு மண்டியில் நீ சொன்ன கணக்கு பொய் இல்லை என்று அப்போது தெரிந்தது. நீ அங்கேயே இருந்ததால் பிழைத்தவர்கள் அவர்கள். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. இத்தனை பேருக்கு நியாயமாக இருந்தவளுக்கு, எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லையே. மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் மகள் தராசைக் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். செல்வியின் மகள் என்னிடம்தான் வளர்கிறாள். இரண்டு நாள் லீவுக்கு மலையில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இது என்ன தராசு என்று கேட்டாள். கொஞ்சம் தேறி மலைக்குப் போனதும் உன்னை இதில்தான் நிறுத்தார்கள் என்றேன். தூளியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பெரிம்மா, எங்கம்மா திருவிழாவுக்குப் போயிதான் செத்துப்போச்சா?"

யார் சொன்னது என்று கேட்டேன். மலைக்குப் புதிதாக வந்த நர்ஸ், கர்ப்பிணிப் பெண்களிடம் பேசும்போது, இப்படித்தான் ஒருத்தி சொல்பேச்சுக் கேட்காமல் திருவிழாவுக்குப் போய் உயிரை விட்டாள் என்று சொன்னாராம். கூட விளையாடிய பிள்ளை, அது உங்கம்மாதான் என்று சொல்லிவிட்டது. உன் பொய் பேரில்லாமல் ஊர் ஊராக நடந்து கடைசியில் செல்வியின் மகள் காதுக்கே வந்துவிட்டது.

"இல்ல. உங்கம்மா எங்கயும் போவல. தல வலிக்குதுன்னு சொன்னா."

"யார்கிட்ட சொல்லிச்சு?"

"எனக்கு ரொம்ப வேண்டியவ ஒருத்திகிட்ட."

"அவங்க இன்னா செஞ்சாங்க?"

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் மூன்று கேள்விகளில் கடைசி இரண்டையும் அதே வரிசையில் கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பின்னல், பூ, வாசலில் நின்ற வண்டி, அந்தக் கூட்டம், எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "இத நீ அங்க போயி சொல்லலியா பெரிம்மா?" என்றாள். சொன்னேன், கேட்கவில்லை என்றேன். "அப்ப மறுபடியும் போயி சொல்லு" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அது அவ்வளவு லேசு.

நேற்று அந்த மாதிரிக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன்; அறைக்கு அரிசி கொடுப்பவள் என்பதால் உள்ளே விட்டார்கள். அதே கூடம், வேறு அதிகாரி, ஒரு பெண். காத்திருப்பு அறைக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று பேச்சு வந்தது. திருவிழாத் தடையை எடுத்தால் என்ன என்று அவர் கேட்டதும், முன்னாடி ஒரு பெண் அதனால்தான் செத்தாள் என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். நான் எழுந்தேன். இந்த முறை கத்தவில்லை. எப்போது தலைவலி வந்தது, யாரிடம் சொன்னாள், அவர்கள் என்ன செய்தார்கள். இந்த மூன்றைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. உன் பெயரைச் சொன்னேன். இறந்தவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று ஒரு குரல் வந்தது. இறந்தவளைப் பற்றித்தான் இத்தனை காலமும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன்.

தடையைப் பற்றி மறுபடி யோசிக்கலாம் என்றார் அதிகாரி. பார்க்கலாம். இனிமேல் வீட்டார் பேசிய பிறகுதான் ஊழியர்கள் பேச வேண்டும் என்று அங்கேயே சொன்னார். அது நடக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து வந்த சாவுக்கு, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு கிழவரை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

கிளம்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி, கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "அந்த நர்ஸுக்கும் உங்களுக்கும் எதாவது பகையாம்மா?"

"இல்லீங்க. இந்த மூணு கேள்வியும் அவ சொல்லிக் குடுத்ததுதாங்க" என்றேன்.

படியிறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மலைக்குப் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், ஜன்னல் ஓரமாக இரண்டு பேர் உட்காரும் சீட் காலியாக இருக்கிறதா என்று கண் தேடியது.